முகப்பூச்சு வாங்குவது உதவியா? பல்லடுக்கு வணிகமும் நமது தோழர்களும்

நமது தொழிற்சங்க, மாதர், ஆசிரியர் அமைப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் அண்மைக் காலமாகப் புதிய வகைச் சுற்றறிக்கை ஒன்று வலம் வருகிறது. ஆர்ப்பாட்ட அறிவிப்புக்கும் உறுப்பினர் பதிவு நினைவூட்டலுக்கும் நடுவே முகப்பூச்சு டப்பா ஒன்றின் படம். அதன்கீழ், முப்பது நாளில் முகத்தில் மாற்றம் தெரியும் என்ற உறுதிமொழி. அதற்கும் கீழே, வீட்டிலிருந்தே வருமானம் ஈட்ட விரும்புவோர் தனியே தொடர்பு கொள்ளவும் என்ற அழைப்பு. அனுப்புபவர் வெளியார் அல்லர். நம்முடன் ஊர்வலத்தில் நடப்பவர். அல்லது அப்படி நடப்பவரின் துணைவியார், தங்கை, மகள்.

இதை வாங்கலாமா என்று கேட்டால், தோழர்களிடமிருந்து இரண்டு விடைகள் வருகின்றன. 'பாவம், ஒரு குடும்பத்துக்கு நாலு காசு கிடைக்கட்டும், வாங்கினால் என்ன?' என்பது ஒன்று. 'முதலாளித்துவத்தில் எல்லாப் பண்டமும் சுரண்டலின் விளைபொருளே. கடையில் வாங்கும் சோப்பு மட்டும் புனிதமா?' என்பது மற்றொன்று. முதலாவதில் இரக்கம் இருக்கிறது. இரண்டாவதில் தத்துவம் இருப்பது போன்ற தோற்றம் இருக்கிறது. இரண்டுமே தவறு, பல்லடுக்கு வணிகத்தின் வழியாக வரும் பொருளை ஒரு கட்சி உறுப்பினர் வாங்கக் கூடாது, விற்கவும் கூடாது என்பதே எனது நிலைபாடு. ஆனால் அந்த நிலைபாட்டை விற்பவர் முகத்தில் அறைவதுபோல் எடுத்துச் சொல்வதும் தவறு என்பதைச் சேர்த்தே எழுதுகிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குவது என் தொழில்வழக்கம், தோழர்கள் பொறுத்தருள்க. அரசாங்கமும் நிறுவனங்களும் இதற்கு இட்டிருக்கும் பெயர் 'நேரடி விற்பனை'. உற்பத்தி செய்பவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையே கடைக்காரர் இல்லை, ஆகவே நேரடி என்பது விளக்கம். கடைக்காரர் ஒருவர் இல்லைதான். அவருடைய இடத்தில் வரிசையாக ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பொருளைத் தொட்டிராத அவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த டப்பாவின் விலையில் பங்கு உண்டு. அரிசி மண்டித் தரகர் இருவரைக் கண்டாலே இடைத்தரகர் ஆதிக்கம் என்று முழக்கமிடும் நாம், இதை 'நேரடி' என்று எழுதினால் எதிரியின் அகராதியிலிருந்து சொல் கடன் வாங்குகிறோம் என்று பொருள். பல்லடுக்கு வணிகம் என்றே எழுதுவோம். மக்கள் இதனை எம்எல்எம் என்றும் நெட்வொர்க் என்றும் சொல்கிறார்கள். அதுவும் நேர்மையான பெயர்தான்.

இதன் இயக்கம் எளிது. ஒருவர் நிறுவனத்தில் 'ஐடி போட்டு'ச் சேருகிறார். பொருளை ஒரு விலைக்கு வாங்கிச் சற்றுக் கூடிய விலைக்கு விற்கலாம். ஆனால் உண்மையான வருமானம் அதில் இல்லை என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவார்கள். தமக்குக் கீழே ஆள் சேர்க்க வேண்டும். அவர்கள் தமக்குக் கீழே சேர்க்க வேண்டும். கீழே உள்ளோர் அனைவரும் வாங்கும் பொருளின் புள்ளிக் கணக்கில் மேலே உள்ளவருக்குக் கமிஷன். அதைப் பெறும் தகுதியைக் காப்பாற்றிக்கொள்ள மாதந்தோறும் குறிப்பிட்ட அளவுக்குத் தானும் வாங்கியாக வேண்டும். விற்றாலும் விற்காவிட்டாலும் வாங்கியாக வேண்டும்.

ஒருவர் 6 பேரைச் சேர்ப்பதாகக் கொள்வோம். அடுத்த அடுக்கில் 36 பேர், அதற்கடுத்து 216 பேர். 9ஆம் அடுக்கில் ஒரு கோடியைத் தாண்டும். 11ஆம் அடுக்கில் 36 கோடி. 12ஆம் அடுக்குக்கு 217 கோடிப் பேர் வேண்டும். 140 கோடியைச் சற்றே தாண்டிய நமது நாட்டில் பச்சைக் குழந்தைக்கும் ஐடி போட்டாலும் போதாது. இந்தக் கணக்கைப் பலரும் சொல்லிவிட்டார்கள். இதற்குள் இருக்கும் வேறொரு கணக்கைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. சங்கிலி எந்த அடுக்கில் நின்றாலும், மூன்றாவதில் நின்றாலும் பத்தாவதில் நின்றாலும், மொத்த உறுப்பினரில் ஆறில் ஐந்து பங்கினர் கடைசி அடுக்கில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. அவர்களது சோம்பலோ திறமைக்குறைவோ இதற்குக் காரணமன்று. கட்டடத்தின் வடிவமே அது. நின்றுபோன சங்கிலியில் ஆறு பேரில் ஐந்து பேர் கமிஷன் கொடுப்பவர்களே தவிரப் பெறுபவர்கள் அல்லர்.

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், முதலாளித்துவத்தின் மீது விரோதம் கொண்ட அமைப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அதன் அலுவலர்கள் 2024இல் 70 பல்லடுக்கு நிறுவனங்கள் தாமே வெளியிட்ட வருமான அறிக்கைகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் சேர்ந்தோரில் பெரும்பாலோர் ஆண்டு முழுவதற்கும் பெற்றது 1,000 டாலரோ அதற்கும் குறைவோதான். இதுவும் செலவுகளைக் கழிக்காத தொகை.

இந்தியாவில் இந்த வணிகத்தின் முகமாக விளங்குவது ஆம்வே. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1959இல் தொடங்கப்பட்டு, 1998இல் இங்கே கடை விரித்தது. 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை இந்நிறுவனத்தின் 757 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை முடக்கியது. 2002-03 முதல் இருபது ஆண்டுகளில் 27,562 கோடி ரூபாய் திரட்டப்பட்டது, அதில் 7,588 கோடி கமிஷனாகப் போனது, சந்தையில் கிடைக்கும் புகழ்பெற்ற பிற தயாரிப்புகளோடு ஒப்பிட்டால் பெரும்பாலான பொருட்களின் விலை மிக மிக அதிகம் என்பவை அத்துறையின் குற்றச்சாட்டுகள். அமலாக்கத் துறையை ஒன்றிய ஆட்சியாளர்கள் எதற்கெல்லாம் ஏவுகிறார்கள் என்பதை நாம் அறிவோம். அது சொல்வதையெல்லாம் வேதமாகக் கொள்ள வேண்டியதில்லை. குற்றச்சாட்டுத் தீர்ப்பும் ஆகாது. தன் வணிகம் சட்டப்படியானதே என்று நிறுவனம் சொல்லி வருகிறது. ஆயினும் திரட்டியதில் கால்பங்குக்கும் மேல் கமிஷனுக்கே போகிறது என்றால், பொருளின் விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதை அறிய அமலாக்கத் துறை தேவையில்லை. அந்தக் கமிஷன் வானத்திலிருந்து விழுவதில்லை.

இனி 'உதவி' என்ற வாதத்துக்கு வருவோம். தோழர்களில் நல்ல மனம் படைத்தவர்களே இதைச் சொல்கிறார்கள் என்பதால் இதில் சற்று நின்று பேச வேண்டும்.

ஒரு முகப்பூச்சு 1,500 ரூபாய் என வைத்துக்கொள்வோம். அதே வேலையைச் செய்யும் ஈரப்பதக் களிம்பு மருந்துக் கடையில் 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. விற்பவருக்கு ஐந்தில் ஒரு பங்கு நிற்கிறது என்றால் 300 ரூபாய். ஆக, நாம் 1,200 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். நாம் உதவ நினைத்த பெண்ணின் கைக்கு 300 ரூபாய் போகிறது. மீதி 900 ரூபாய் யாருக்கு உதவி? அவருக்கு மேலே உள்ள வரிசைக்கும் நிறுவனத்துக்கும்தான். உதவுவதே நோக்கம் என்றால் 300 ரூபாயைக் கையில் கொடுத்துவிடலாம். அப்படிக் கொடுக்க நமக்குக் கூச்சமாயிருக்கிறது, வாங்க அவருக்கு இழிவாயிருக்கிறது என்பதுதான் உண்மை. அந்த இரு கூச்சங்களின் நடுவே நின்றுதான் நிறுவனம் தன் 900 ரூபாயை எடுத்துக்கொள்கிறது.

கணக்கு இதோடு முடியவில்லை. நம்முடைய கொள்முதல் அவருக்கு 300 ரூபாய் மட்டும் தரவில்லை. ஒரு சான்றையும் தருகிறது. 'பாருங்கள், என் முதல் மாதத்திலேயே எட்டுப் பேர் வாங்கினார்கள்' என்று அவர் அடுத்தவரிடம் காட்டும் எட்டுப் பேரில் நாம் ஒருவர். பொருள் விற்கும் என்று அவரை நம்ப வைப்பதும், அவரை மேலும் ஆறு மாதம் அதில் நிறுத்தி வைப்பதும், அடுத்த பெண்ணை உள்ளே இழுத்து வருவதும் அந்தச் சான்றே. நாமோ ஒருமுறை வாங்கிவிட்டு, முகத்தில் தடவாமல் அலமாரியில் வைத்துவிடுகிறோம். இரண்டாவது மாதம் அவர் அழைக்கும்போது தொலைபேசியை எடுப்பதில்லை. மாதாந்திர அளவை நிறைவு செய்ய அவரே தன் பணத்தில் வாங்குகிறார். பணம் இல்லாவிட்டால் நுண்கடன் நிறுவனத்தில் வாங்குகிறார். கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகள் சேர்கின்றன. அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் நமது இரக்கத்துக்கும் பங்குண்டு.

மார்க்ஸ் 'மூலதன'த்தில் துண்டுக் கூலி, அதாவது பீஸ் ரேட், பற்றி எழுதிய அத்தியாயத்தைத் தோழர்கள் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். வேலையின் தரத்தையும் வேகத்தையும் கூலியே கண்காணித்துக்கொள்வதால் மேற்பார்வையாளர் தேவைப்படுவதில்லை. அதனால் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஒட்டுண்ணிகள் நுழைய வழி பிறக்கிறது. இன்னும் ஒரு படி போய், தொழிலாளியே தனக்குக் கீழே ஆட்களை அமர்த்தி அவர்கள் வாயிலாக வேலை வாங்கும்போது, மூலதனத்தின் சுரண்டல் தொழிலாளி தொழிலாளியைச் சுரண்டுவதன் வழியாகவே நடந்தேறுகிறது என்று அங்கே விளக்குகிறார். அவர் கண்டது இங்கிலாந்தின் ஆலைகளையும் வீட்டுத் தொழில்களையும். பல்லடுக்கு வணிகம் அந்த வடிவத்தின் முற்றிய நிலை. பீடி சுற்றும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவருக்கு இலையும் தூளும் கான்டிராக்டர் கொடுக்கிறார். சுற்றியதற்குக் கூலி, எத்தனை அற்பமானாலும், உண்டு. நெடிய போராட்டத்தின் விளைவாக 1966இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றது. (இன்றைய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதனையும் விழுங்கியிருப்பது வேறு கதை.) முகப்பூச்சு விற்கும் பெண்ணோ இலையையும் தூளையும் தன் காசில் வாங்குகிறார், விற்காவிட்டால் நட்டம் அவருடையது, கூலி கிடையாது, அவர் தொழிலாளியும் அல்லர். நிறுவனத்தின் தாள்களில் அவர் பெயர் சுயதொழில் முனைவர். முதலாளியே இல்லாத சுரண்டல் போல் காட்சியளிக்கும் இந்த ஏற்பாட்டில், அவர் கோபப்பட வேண்டிய முகவரி அவரைச் சேர்த்துவிட்ட அக்காவின் வீடாகிவிடுகிறது.

இரண்டாவது வாதம், எல்லாப் பண்டமும் ஒன்றே என்பது. பெட்டிக்கடையில் வாங்கும் சோப்பிலும் உபரி மதிப்பு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. இந்துஸ்தான் யூனிலீவர் தரும சத்திரம் அன்று. பண்டம் வாங்காமல் இந்தச் சமூகத்தில் உயிர்வாழ முடியாது. தனிநபரின் கொள்முதல் தூய்மையால் சமூகம் மாறிவிடும் என்பது குட்டி முதலாளித்துவக் கற்பனை என்பதும் சரி. ஆனால் இந்தச் சரியான கூற்றுகளிலிருந்து 'ஆகவே இதையும் வாங்கலாம்' என்ற முடிவு பிறக்காது. சோப்பு ஆலையில் சங்கம் வைக்கலாம்; வைத்திருக்கிறோம். பெட்டிக்கடைக்காரர் எனக்குச் சோப்பு விற்கிறார். என்னைப் பெட்டிக்கடை வைக்கச் சொல்லி அதில் கமிஷன் கேட்பதில்லை. நான் வாங்காவிட்டால் அவருக்கும் எனக்கும் உள்ள உறவு முறிவதில்லை.

பல்லடுக்கு வணிகத்தில் விற்பனைக்கு வருவது அந்த உறவுதான். பயிற்சிக் கூட்டத்தில் முதலில் எழுதச் சொல்வது நூறு பேர் கொண்ட பட்டியல்: உறவினர், அண்டை வீட்டார், உடன் பயின்றோர், உடன் பணிபுரிவோர். நமது தோழரின் பட்டியலில் யார் இருப்பார்கள்? கிளைத் தோழர்கள், சங்க உறுப்பினர்கள், வேலைநிறுத்தத்தின்போது கஞ்சித் தொட்டியில் உடன் நின்றவர்கள். பத்தாண்டுகள் வீடு வீடாக நடந்து, நியாய விலைக் கடைக்கும் குடிநீருக்கும் குரல் கொடுத்துச் சேர்த்த நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையை ஒரு நிறுவனம் விளம்பரச் செலவு ஏதுமின்றி எடுத்துக்கொள்கிறது. அங்கன்வாடி ஊழியர் சங்கத்தின் மாவட்டப் பொறுப்பாளர் ஒருவர் ஐடி போட்டுவிட்டார் என்றால், அவருக்குக் கீழே சேர்வோர் சங்க உறுப்பினர்களாகவே இருப்பார்கள். அடுத்த போராட்டத்துக்கு அவர் அழைக்கும்போது, இது சங்க அழைப்பா, மீட்டிங் அழைப்பா என்று யோசித்துத்தான் வருவார்கள், அல்லது வராமலிருப்பார்கள். சில ஊர்களில் இது நடந்துகொண்டிருக்கிறது என்பதைச் சங்கத் தோழர்கள் அறிவார்கள்.

அந்தப் பணம் போய்ச் சேரும் இடத்தையும் பார்ப்போம். ஆம்வேயைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ரிச்சர்ட் டிவோஸ். அந்தக் குடும்பம் அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்கு வாரி வழங்கும் கொடையாளர் குடும்பம். அவருடைய மருமகள் பெட்ஸி டிவோஸ் 2017 முதல் 2021 வரை டிரம்ப் அரசின் கல்விச் செயலாளர். அரசுப் பள்ளிகளுக்கான நிதியைத் தனியார் பள்ளிகளின் பக்கம் திருப்புவதை வாழ்நாள் இலட்சியமாகக் கொண்டவர். அவருடைய கணவர் டிக் டிவோஸ், 2012இல் மிச்சிகனில் தொழிற்சங்கங்களின் சந்தா அடித்தளத்தைத் தகர்க்கும் சட்டத்துக்காக முன்னின்று உழைத்தவர். ஃபிளின்ட் நகர மோட்டார் தொழிலாளர்கள் 1936-37 குளிர்காலத்தில் ஆலைக்குள்ளேயே அமர்ந்து ஜெனரல் மோட்டார்ஸைப் பணிய வைத்தார்களே, அந்த மிச்சிகன் இது. அச்சட்டத்தை நீக்கத் தொழிலாளர்கள் 2023 வரை போராட வேண்டியிருந்தது. நமது ஊரில் ஒரு சங்கத் தோழி இன்னொரு சங்கத் தோழிக்கு முகப்பூச்சு விற்கும் தொகையின் ஒரு துளி இந்தக் கருவூலத்துக்குத்தான் போகிறது.

அப்படியானால் இந்திய நிறுவனமாகப் பார்த்து வாங்கலாமே என்று சுதேசி வாதம் பேசுவோரும் உண்டு. 1996இல் தொடங்கிய மோடிகேர், 2004இல் தொடங்கிய வெஸ்டிஜ் முதலியவை இந்திய நிறுவனங்கள்தான். (பெயரைக் கண்டு அவசரப்பட வேண்டாம், அது வேறு மோடி குடும்பம்.) ஆறில் ஐந்து பேர் அடியில் கிடக்கும் கணக்கு, முதலாளியின் கடவுச்சீட்டைப் பார்த்து மாறுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்போருக்குச் சுருக்கமாக: பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் 1978 முதல் இருக்கிறது. ஆம்வேயின் திட்டம் அச்சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது என்றே 2007இல் ஆந்திர உயர்நீதிமன்றம் கருதியது. அதன் இந்தியத் தலைமை நிர்வாகி 2013இல் கேரளக் காவல்துறையாலும் 2014இல் ஆந்திரக் காவல்துறையாலும் கைது செய்யப்பட்டார். பிறகு 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நேரடி விற்பனை விதிகளைக் கொண்டுவந்தது. பிரமிடுத் திட்டத்தை அவை தடை செய்கின்றன, நுழைவுக் கட்டணத்தையும் தடை செய்கின்றன. அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் யாருடைய வீட்டுக்கும் போகக் கூடாது என்றுகூடச் சொல்கின்றன. ஆள் சேர்ப்பதற்கென்று தனியே காசு தராமல், சேர்ந்தவர் வாங்கும் பொருளின் மீது காசு தந்தால் அது பிரமிடு ஆகாது என்ற வழியை மட்டும் திறந்து வைத்திருக்கின்றன. யானை போகும் வழி அது. சட்டப்படி சரியா என்ற கேள்விக்குள் நாம் அடைபட்டால் வெளியே வர முடியாது.

முகப்பூச்சு ஏன் இந்த வணிகத்துக்கு இவ்வளவு தோதாக அமைகிறது என்பதையும் சிந்திக்க வேண்டும். அரிசியின் விலை எல்லோருக்கும் தெரியும். ஒரு சீரத்தின் நியாயமான விலை யாருக்கும் தெரியாது. மாதாமாதம் தீர்ந்துபோகும், திரும்ப வாங்க வேண்டும். பலன் தெரியவில்லை என்றால் குறை பொருளில் இல்லை, தடவியவரின் தோலில். விற்பவரின் முகமே விளம்பரப் பலகை. இவற்றுக்கெல்லாம் அடியில், கருத்த தோலைக் குறைபாடாகக் காணும் சாதிய, காலனியப் பார்வை கிடக்கிறது. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி அந்தப் பார்வையைக் காசாக்கியது. நிறம் குறைந்த மகளுக்கு வேலை கிடைக்காது, மணமாகாது என்று காட்டிய அதன் விளம்பரங்களுக்கு எதிராக அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இயக்கம் நடத்தியது. தேசிய மனித உரிமை ஆணையம் வரை புகார் சென்றது. 2003இல் அவ்விளம்பரங்கள் திரையிலிருந்து இறங்கின. பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் போக 2020 வரை ஆயிற்று. அன்று தொலைக்காட்சி நிறுவனத்திடம் சொன்னோம், நிறுத்தச் சொன்னோம். இன்று அதே விளம்பரம் நம் சங்கத் தோழியின் குரலில், அவருடைய கன்னத்தின் 'முன்-பின்' படத்தோடு, நம் குழுவிலேயே வருகிறது. யாரிடம் புகார் கொடுப்பது?

தோழர்களுக்கு எரிச்சலூட்டக்கூடிய பகுதிக்கு இப்போது வருகிறேன். இந்தப் பெண்கள் ஏமாளிகள் அல்லர். 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, வேலை செய்யும் இந்தியப் பெண்களில் மூன்றில் இரு பங்கினர் 'சுயதொழில்' செய்வோர். பெண்களின் உழைப்புப் பங்கேற்பு உயர்ந்துவிட்டது என்று அரசு மார்தட்டிக்கொள்ளும் கணக்கு இதுதான். அதில் கூலியே இல்லாமல் குடும்பத் தொழிலில் உதவுவோரும் அடக்கம். ஆஷா, அங்கன்வாடி, மதிய உணவுப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்ச ஊதியம் வழங்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. இன்றுவரை அவர்கள் 'மதிப்பூதியம்' பெறுவோரே. பகல் முழுதும் அரசுக்கு உழைத்தும் தொழிலாளி என்ற பெயரைப் பெற முடியாத ஒருவரிடம், ஒரு நிறுவனம் வந்து 'நீ தொழில்முனைவர்' என்கிறது. மேடையேற்றுகிறது, கைதட்டுகிறது, சில்வர், டைமண்ட் என்று பட்டம் சூட்டுகிறது. பத்தாண்டு உறுப்பினராயிருந்தும் நமது மேடையில் ஒருமுறைகூட ஏறாத பெண்ணுக்கு அந்தக் கைதட்டலின் பொருள் என்ன என்பதை ஆண் தோழர்கள் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

முழுநேர ஊழியர் குடும்பங்களைப் பற்றியும் மூடி மறைக்காமல் பேச வேண்டும். கட்சி தரும் ஊதியத்தில் குழந்தையின் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாதபோது துணைவியார் டப்பா விற்கிறார். தோழர் அதைக் காணாதவர்போல் இருக்கிறார். அந்தக் குடும்பத்தை நோக்கி 'மார்க்சியம் படித்தவர் வீட்டில் இப்படியா' என்று விரல் நீட்டுபவர், தான் எத்தனை மாதம் லெவி பாக்கி வைத்திருக்கிறார் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த வறுமையைக் காட்டி வணிகத்தை நியாயப்படுத்தவும் முடியாது. அவர் விற்கும் பத்துப் பேரும் அவரைவிட வறியவர்கள்.

எனவே வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். கடைசி அடுக்கில் பெட்டிகளோடு நிற்கும் பெண் ஏமாற்றப்பட்டவர்; அவரிடம் கண்டனம் கூடாது. அமைப்புப் பொறுப்பைப் பயன்படுத்தி உறுப்பினர்களைத் தனக்குக் கீழே சேர்த்து, அவர்களது கொள்முதலில் கமிஷன் பெறுபவர் வேறு. அவர் ஆணாயினும் பெண்ணாயினும், எத்தனை மூத்தவராயினும், அது அமைப்பு ஒழுங்குப் பிரச்சினை; குழுவில் வைத்துப் பேசித் தீர்க்க வேண்டிய பிரச்சினை. 'அவருடைய சொந்த விவகாரம்' என்று ஒதுங்குவது தாராளவாதம்.

1998ஆம் ஆண்டைத் தோழர்கள் நினைவில் கொள்ளலாம். ஆம்வே இந்தியாவில் வணிகம் தொடங்கிய ஆண்டு அது. மோசடிகளும் கலவரங்களும் பெருகியதைக் கண்ட சீன அரசு இத்தகைய விற்பனை முழுவதையும் தடை செய்த ஆண்டும் அதுவே. 2005இல் ஓரடுக்கு விற்பனையைக் கட்டுப்பாடுகளோடு அனுமதித்தபோதும் பல்லடுக்கு மீதான தடையை அது நீக்கவில்லை. அதே 1998 மே மாதத்தில் கேரளத்தில், இடது ஜனநாயக முன்னணி ஆட்சியின்போது, மலப்புரத்தில் குடும்பஸ்ரீ தொடங்கியது. அதுவும் அண்டை வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் அழைத்து வந்து சேர்ந்த வலைதான். அதற்கும் அடுக்குகள் உண்டு: அயல்கூட்டம், அதற்கு மேல் வட்டார அமைப்பு, அதற்கும் மேல் ஊராட்சி அளவிலான சங்கம். ஆனால் அங்கே கீழடுக்கு மேலடுக்கைத் தேர்ந்தெடுக்கிறது. மேலடுக்கு கீழடுக்கின் வாங்கலில் கமிஷன் எடுப்பதில்லை. சோப்பும் ஊறுகாயும் மாவும் அவர்களும் விற்கிறார்கள். விற்ற காசு செய்தவருக்குப் போகிறது. பெண்களின் உறவு வலையிலிருந்து பொருளாதார வலிமை பிறக்க முடியாது என்று நாம் சொல்லவில்லை. அந்த வலிமை யாருக்குப் போகிறது என்பதே கேள்வி. அத்தகைய அரசு இல்லாத மாநிலங்களில் இது எளிதன்று. ஆனால் பத்துப் பெண்கள் சேர்ந்து செய்யும் சோப்பை விற்க நமது மாநாட்டு வளாகத்தில் ஒரு மேசை போட அரசு தேவையில்லை.

நடைமுறையில் சில செய்யலாம். வெகுமக்கள் அமைப்புகளின் குழுக்களில் எந்தப் பல்லடுக்கு நிறுவனத்தின் பொருளும் விளம்பரம் செய்யப்படாது என்று தீர்மானித்து அறிவிக்கலாம். தனிநபர் பெயரைச் சுட்டாமல், எல்லோருக்கும் பொதுவான விதியாக. வாங்கச் சொல்லித் தோழி வரும்போது, 'வாங்க மாட்டேன்' என்று சொல்லிக் கதவைச் சாத்தாமல், உட்கார வைத்து, இதுவரை போட்ட பணம் எவ்வளவு, வந்தது எவ்வளவு, மீட்டிங்குக்குப் போக வரப் பேருந்துக் கட்டணம் எவ்வளவு என்று அவருடன் சேர்ந்து ஒரு தாளில் எழுதலாம். பலர் இந்தக் கணக்கை ஒருமுறைகூட எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள்; எழுத விடாமல் பார்த்துக்கொள்வதும் மேலே உள்ளவர்களின் பயிற்சியில் ஒரு பகுதி. விலக விரும்பினால், 2021 விதிகளின்படி விலகிக்கொள்ள அவகாசமும் வாங்கிய பொருளுக்குப் பணம் திரும்பப் பெறும் வழியும் உண்டு. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நமது வழக்கறிஞர் அமைப்புத் தோழர்கள் மாதத்தில் ஒரு மாலை ஒதுக்கினால் போதும். வருபவர்கள் ரசீதுகளையும், பிரிக்காத டப்பாக்களையும் அப்படியே எடுத்து வரட்டும்; பிரித்துவிட்டால் திரும்பப் பெற மறுப்பார்கள்.